முதல் ஓட்டம்

"இந்த மூணுல எது அம்மிணி நல்லது?"

கேட்டவர் தெய்வசிகாமணி. வயது அறுபத்தைந்து.

பதில் சொல்ல வேண்டியவள் ஜெசிந்தா. வயது முப்பத்துநாலு.

"டீ சாப்பிட்டீங்களா சார்?" என்றாள்.

இதுதான் பதில். இதற்காக அந்த மனுஷன் கோயம்புத்தூரிலிருந்து குன்னூருக்கு மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தார்.

நான் பீர் முகமது. குன்னூர் மார்க்கெட்டுக்குப் பின்னால், மாடிப்படி ஏறினால் ஓர் அறை. நடுவில் ஒரு பிளைவுட் பலகை. இந்தப் பக்கம் நான் குடை ரிப்பேர் செய்கிறேன். அந்தப் பக்கம் ஜெசிந்தா. பலகை என் இடுப்பு உயரம்தான். அங்கே நடப்பதைப் பார்க்காமல், கேட்காமல் இருக்க வேண்டுமென்றால் நான் கடையை மூட வேண்டும்.

அவள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ரெக்கார்டு பிளேயரின் கை நுனியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பெட்டி இருக்கும். அடியில் ஊசி. கார்ட்ரிட்ஜ் என்பார்கள். அதில் உசத்தி ரகத்துக்கு மூவிங் காயில் என்று பெயர். ஊசி அசைந்தால் உள்ளே தலைமுடியைவிட மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று சேர்ந்து அசையும். பாட்டு அங்கேதான் உண்டாகிறதாம். சாதா ரகம் போல ஊசியை மட்டும் பிடுங்கி வேறு மாட்ட முடியாது. கெட்டால் செய்தவனுக்கே கப்பலில் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஜெசிந்தாவிடம் வர வேண்டும்.

சென்னை, கொச்சி, பெங்களூர் என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். எல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்கள். அவளைக் குரு என்பார்கள். அவள் அதற்குச் சிரிக்கவும் மாட்டாள், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டாள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் வைத்ததுதான்.

தெய்வசிகாமணிக்கு இது ஆறாவது தடவை. இரண்டு வருஷமாக வருகிறார். நூல் மில்லில் இன்ஜினியராக இருந்து ரிடையர் ஆனவர். கையில் ஒரு நோட்டு. அதில் நாற்பது கார்ட்ரிட்ஜின் ஜாதகம். நாற்பதை இருபதாக்கி, இருபதை ஏழாக்கி, இப்போது மூன்றில் வந்து நிற்கிறார்.

"ஜப்பான்காரன் செஞ்சது குழைவு" என்றார். "டென்மார்க்காரன் செஞ்சது தெளிவு. சுவிஸ்காரன் ரெண்டுக்கும் நடுவுல. எனக்குத் தூக்கமே வர்றதில்ல அம்மிணி. நீயே சொல்லிடு."

"யாருக்கு சார் இது?"

"என்ன யாருக்கு? எனக்குத்தான்."

ஜெசிந்தா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"எனக்குன்னா... சம்பூரணத்துக்குத்தான்" என்றார்.

சம்பூரணம் அவர் மனைவி. அரசு பெண்கள் பள்ளியில் முப்பது வருஷம் பாட்டு டீச்சர்.

அப்புறம் மெதுவாக விஷயம் வந்தது.

"காது போயிட்டிருக்கு அவளுக்கு. வலது காது சுத்தமாப் போயாச்சு. இடதுலயும் குறைஞ்சுட்டே வருது. கூரான சத்தம்தான் முதல்ல போகுமாம். டாக்டர் சொன்னாரு. குக்கர் அஞ்சு விசில் அடிச்சா ரெண்டுங்கறா. வாரத்துல மூணு நாள் பருப்பு அடிபிடிக்குது."

"காதுக்கு மெஷின் வெக்கலையா?"

"வெச்சுப் பார்த்தா. பேச்சுக்குப் பரவால்ல, பாட்டு தகரத்தைத் தட்டற மாதிரி கேக்குதுன்னு கழட்டி டப்பாவுல போட்டுட்டா. இன்னும் ஒரு வருஷமோ, ஒண்ணரை வருஷமோ. அதுக்குள்ள அவளுக்கு ஒரு நாகஸ்வரம் கேக்க வெக்கணும். தோடி. அதுக்குத்தான் இத்தனை பாடு. தப்பான ஊசியை வாங்கிட்டேன்னா திரும்ப ஆரம்பிக்க நேரமில்ல அம்மிணி."

சொல்லிவிட்டு நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். எனக்குக் கையில் இருந்த குடைக்கம்பி ஓடவில்லை. ஊசி, எடை, கோணம் என்று உயிரை வாங்குகிற கிறுக்கு என்றுதான் இரண்டு வருஷமாக நினைத்திருந்தேன்.

ஜெசிந்தா சால்டரிங் அயர்னை அணைத்தாள்.

"சார், டீச்சருக்கு எந்தக் காது கேக்கும்?"

"இடது."

"வீட்ல பாட்டுக் கேக்கறப்ப எந்தப் பக்கம் உக்காருவாங்க?"

தெய்வசிகாமணி யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார்.

"அந்த ரூம்ல ஒரு நாற்காலிதான் இருக்கு" என்றார் கடைசியில். "ரெண்டு ஸ்பீக்கருக்கும் சரி நடுவுல. டேப் வெச்சு அளந்து போட்டது."

"யாரு உக்காருவாங்க?"

அவர் மடியிலிருந்த நோட்டைத் தடவினார்.

ஜெசிந்தா தன்னிடமிருந்த அந்த மூன்று கார்ட்ரிட்ஜையும் மூன்று சின்ன டப்பாவில் வைத்தாள். கடைக்கு வருகிற ஒருத்தருக்கும் அவள் இப்படித் தூக்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

"மூணையும் கொண்டுபோங்க. டீச்சர் சொல்லட்டும்."

"மூணையுமா? உடைஞ்சு கிடைஞ்சு போச்சுன்னா?"

"உடைஞ்சா நான் இருக்கேன்ல. பார்த்துப் போங்க, படி வழுக்கும்."

அவ்வளவுதான். அவள் டீ குடிக்கப் போய்விட்டாள்.

*

பத்தாம் நாள் வந்தார், மூன்று டப்பாவும் கையுமாக. முகம் உம்மென்று இருந்தது.

"உன் பேச்சைக் கேட்டது என் தப்பு" என்றார் வாசலிலேயே.

"உக்காருங்க சார்."

"அந்த ஒத்தை நாற்காலியை அவளுக்கு விட்டேன். அவளை நடுவுல உக்கார வெச்சேன். நான் ஓரமா நின்னுக்கிட்டேன். ஒவ்வொண்ணா மாட்டினேன். மூணு நாள் ஆச்சு. ஒவ்வொண்ணுக்கும் கோணம் பார்க்கணும், உயரம் பார்க்கணும், ஒண்ணே முக்கால் கிராம்ல எடை நிக்கணும். சும்மாவா? இடுப்பு ஒடிஞ்சு போச்சு."

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"மூணும் ஒரே மாதிரிதான் இருக்குன்னா. அரிசி ஊறப் போட்டிருக்கேன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா."

நான் பலகைக்கு இந்தப் பக்கம் குனிந்து சிரித்துவிட்டேன். அவர் காதில் விழுந்துவிட்டது.

"சிரிங்க பாய், சிரிங்க. உங்களுக்கென்ன."

"என்ன ரெக்கார்டு சார் போட்டீங்க?" என்றாள் ஜெசிந்தா.

"டெஸ்ட் ரெக்கார்டு. ரயில் போறது, கண்ணாடி உடையறது, நாய் குலைக்கறது. ஊசியைச் சோதிக்கறதுக்குன்னே போட்டது. ஜெர்மனிலேர்ந்து வரவழைச்சேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒவ்வொண்ணும் அரை நிமிஷம். அதுக்கு மேல வித்தியாசம் மனசுல நிக்காது."

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். நான் குடையைப் பார்த்தேன். முப்பது வருஷம் பாட்டுச் சொல்லிக்கொடுத்த பொம்பளையைக் கூப்பிட்டு உட்கார வைத்து நாய் குலைப்பதைக் காட்டியிருக்கிறார்! அந்த அம்மா அரிசியைப் பார்க்கப் போனதோடு விட்டாரே, நல்ல மனசு.

"நாகஸ்வரம் போடலையா?"

"அதெப்படி?" என்றார் அவர். "அது இன்னும் பிரிக்கவே இல்ல. கண்ணாடித் தாள்கூடக் கிழியாம அப்படியே இருக்கு. முதல் ஓட்டம்தான் ஓட்டம் அம்மிணி. கோடு புதுசா இருக்கறப்ப சரியான ஊசி ஓடணும். கண்ட ஊசியும் ஓடினா அவ்வளவுதான், கெட்டது கெட்டதுதான். ஊசி முடிவாகட்டும், அப்புறம் அதைப் பிரிக்கலாம்."

"எப்ப வாங்கினீங்க அதை?"

"நாலு வருஷம் ஆச்சு. அவ ரிடையர் ஆன அன்னைக்கு. நான் கொண்டுபோய்க் கையில குடுத்ததும் குழந்தை மாதிரி குதிச்சா. உடனே போடுங்கன்னா. நான்தான், இரு, இந்த ஊசி இதுக்கு லாயக்கில்லைன்னேன்."

"அப்புறம்?"

"கொஞ்ச நாள் கேட்டுட்டே இருந்தா. அப்புறம் கேக்கறதில்ல."

ஜெசிந்தா கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"அப்ப டீச்சருக்குக் காது எப்படி இருந்துச்சு சார்?"

"அப்பவா? அப்ப ஒரு குறையும் இல்ல. அடுத்த தெருவுல ஒருத்தன் சுருதி விலகிப் பாடினா இங்கிருந்து தலையில அடிச்சுக்குவா. எல்லாம் நல்லா..."

நிறுத்திவிட்டார்.

வெளியே மார்க்கெட்டில் எவனோ கேரட் விலை கூவிக்கொண்டிருந்தான்.

"அம்மிணி, அப்படிச் சொல்லாத" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலையே சார்."

அவர் நோட்டைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்து எதையோ தேடினார். நாற்பது பக்கத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கும் அது? பாவம், எனக்கு எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று இருந்தது.

"கூட்டிட்டு வாங்க டீச்சரை" என்றாள் ஜெசிந்தா. "அந்த ரெக்கார்டையும் எடுத்துட்டு வாங்க."

"எப்ப?"

அவள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டாள். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு படியில் தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டது.

*

மறுநாளே வந்துவிட்டார்கள்.

சம்பூரணம்மா குள்ளமாக, வட்ட முகம். ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, அதற்கு மேல் தலையில் மப்ளர். படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் ஜெசிந்தாவை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் குருவா? எங்க வீட்டுக்காரர் இப்படிப் பயப்படறாரேன்னு நான் எவளோ தாடி வெச்ச கிழவியா இருப்பான்னு நினைச்சேன்."

ஜெசிந்தா வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வாங்க டீச்சர். இப்படி உக்காருங்க."

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நடுவில் போடவில்லை. அவள் சோதித்துப் பார்க்கிற பிளேயரின் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், இடது காது அதைப் பார்க்கிற மாதிரி போட்டாள். தெய்வசிகாமணிக்குப் பொறுக்கவில்லை.

"அங்க உக்காந்தா ஒரு பக்கம் சத்தம்தானே அம்மிணி வரும்?"

"எனக்கு ஒரு பக்கம்தானுங்க இருக்கு" என்றார் சம்பூரணம்மா. அதைச் சும்மா, காய்கறி விலை சொல்வது மாதிரி சொன்னார்.

தெய்வசிகாமணி ரெக்கார்டைப் பையிலிருந்து எடுத்தார். துணி சுற்றியிருந்தது. துணிக்குள் பேப்பர். பேப்பருக்குள் அது, கண்ணாடித் தாள் மினுங்க. அட்டையில் நாகஸ்வரமும் கையுமாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

கத்தியை எடுத்தார். தாளின் ஓரத்தில் வைத்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"அம்மிணி, இப்ப என்ன ஊசி மாட்டியிருக்க?"

"ஓடற ஊசி சார்."

"இல்ல, மூணுல எது?"

ஜெசிந்தா பிளேயருக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். ஒல்லிப் பெண்தான். ஆனாலும் அவளைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை.

"கொண்டாங்க இப்படி" என்றார் சம்பூரணம்மா.

வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினார். கண்ணாடித் தாளை ஒரே இழுப்பில் சர்ரென்று கிழித்தார்.

"ஐயோ!" என்றார் தெய்வசிகாமணி.

"என்ன ஐயோ? நாலு வருஷமா இதுக்குத் தூசி தட்டறது யாரு? நான்தானே? தூசி தட்டத்தான் வாங்கிக் குடுத்தீங்களா எனக்கு?"

ஜெசிந்தா ரெக்கார்டை வாங்கி வைத்தாள். ஊசி இறங்கியது.

முதலில் ஓர் இரைச்சல். பிறகு விடாமல் ஒரே சுருதியில் ஒத்து. அதற்கு மேல் தோடி.

எனக்குச் சங்கீதம் தெரியாது. பந்தல் போட்ட வீட்டில் அது கேட்டால் பந்தி எப்போது போடுவார்கள் என்று பார்க்கிறவன் நான். ஆனால் அந்த அறைக்குள் அன்றைக்கு அந்த மனுஷர் ஊதின ஊதலில் நூலைத் தையல் ஊசியில் கோக்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

சம்பூரணம்மா கண்ணை மூடிக்கொண்டார். கழுத்தை ஸ்பீக்கர் பக்கம் நீட்டிக்கொண்டார். கை தானாகக் காற்றில் எதையோ தடவிக்கொண்டிருந்தது. ஒரு வளைவில் "ஹா" என்றார். இன்னொரு வளைவில் "அடப்பாவி" என்றார்.

"இப்ப 'டிக்'னு ஒண்ணு கேட்டுச்சா?" என்றார் தெய்வசிகாமணி. "கோட்டுல அழுக்கு இருக்கு."

"என்ன டிக்கு? பேசாம இருங்க."

"ஓரத்துல கொஞ்சம் இரையுது. எடை கூட்டணும்."

"ஏனுங்க."

"ம்?"

"வாயை மூடுங்க."

மூடினார்.

ஒரு பக்கம் முழுக்க ஓடி முடிந்தது. இருபது நிமிஷம் இருக்கும். சம்பூரணம்மா கண்ணைத் திறந்து சால்வை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"திருப்பிப் போடு கண்ணு" என்றார் ஜெசிந்தாவிடம்.

மறுபக்கம் கீர்த்தனை. தவில் சேர்ந்துகொண்டது. அறையே அதிர்ந்தது. என் குடைகள் ஆணியில் தொங்கிக்கொண்டே ஆடின. நாகஸ்வரம், தவில், இரண்டுக்கும் நடுவில் ஜல், ஜல், ஜல் என்று தாளக்காரரின் ஜால்ரா, அளந்து வைத்தது மாதிரி.

தெய்வசிகாமணியின் முகம் மலர்ந்துவிட்டது. என்னைப் பார்த்துச் சொன்னார்:

"கேட்டீங்களா பாய்? அந்த ஜால்ராவைக் கேட்டீங்களா? என்ன சுத்தம்! ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்குது பாருங்க. இதைத்தான் நான்..."

"ஏனுங்க" என்றார் சம்பூரணம்மா. அவர் பேசியது அந்த அம்மாவுக்குக் கேட்கவில்லை. அவர் இப்போது வலது பக்கம் நகர்ந்து நின்றிருந்தார். "தாளக்காரர் வரலையா இந்தக் கச்சேரிக்கு?"

ஜல், ஜல், ஜல்.

தெய்வசிகாமணி ஸ்பீக்கரைப் பார்த்தார். ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் சுற்றும் ரெக்கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? அந்தச் சத்தம் என் பக்கம் வரை அறை முழுக்க இறைந்து கிடந்தது, கீழே கேரட் விற்கிறவனுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

அவர் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தார். ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். மூட்டு 'மடக்' என்றது.

"வரலை போலிருக்கு சம்பு" என்றார்.

"அடப்பாவமே. அவர் இல்லாம இவ்வளவு நல்லா வாசிக்கறாங்களே."

அவர் கையை எடுத்து அந்த அம்மாவின் முழங்கால் மேல் வைத்தார். ஜால்ரா விழும் இடத்தில் தட்ட ஆரம்பித்தார். தட்டு. தட்டு. தட்டு. கண்ணில் தண்ணீர் வேறு. துடைத்துக்கொண்டே தட்டினார். துடைக்கும்போது ஒன்று தவறியது. பிடிக்கப் போய் இரண்டு தவறியது. அப்புறம் எங்கே இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. சும்மா கதவைத் தட்டுவது மாதிரி தட்டிக்கொண்டிருந்தார்.

சம்பூரணம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஐயே! என்னங்க இது?"

"தாளம்."

"இதுவா? பாட்டு டீச்சரைக் கட்டிக்கிட்டு முப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தியும் ஆதி தாளம் போடத் தெரியலை. வெளியில சொல்லிடாதீங்க, எனக்குத்தான் மானம் போகும். குடுங்க கையை."

அவர் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கை மேலே தெரிய மடியில் வைத்துக்கொண்டார். தன் கையால் அதன் மேல் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு சுண்டுவிரல். பிறகு மோதிரவிரல். நடுவிரல். மறுபடி ஒரு தட்டு. ஒரு வீச்சு. தட்டு. வீச்சு.

"எட்டு. அவ்வளவுதான். ரெண்டாங்கிளாஸ் பிள்ளை போடும். எண்ணுங்க."

"ஒண்ணு" என்றார் தெய்வசிகாமணி. "ரெண்டு. மூணு."

சுண்டுவிரல் விழும்போது ஜல் என்றது. மோதிரவிரல் விழும்போது ஜல் என்றது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த அம்மாவுக்குக் கேட்கவில்லை, அது நிச்சயம். ஆனால் ஒரு விரல், ஒரே ஒரு விரல், முன்னாலும் விழவில்லை, பின்னாலும் விழவில்லை. ரெக்கார்டில் இருந்த தாளக்காரர் இந்த அம்மாவின் விரலைப் பார்த்துத்தான் போடுகிறாரோ என்று இருந்தது.

தெய்வசிகாமணி தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா பிளேயரை விட்டு நகர்ந்தாள். இப்போது ஊசி நன்றாகத் தெரிந்தது. எனக்கே தெரிந்தது.

"சார்" என்றாள். "எந்த ஊசியைக் கட்டித் தரட்டும்?"

அவர் தலையைத் தூக்கவில்லை.

"செத்த சும்மா இரு அம்மிணி. எண்ணிட்டிருக்கேன்ல."